எரிவாயு டேங்கை நீர்மூழ்கியாக மாற்றலாமா?

டர்பன் மெர்பேங்கில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஃபிட்டர் வேலை பார்ப்பவர். பழைய எல்பிஜி டேங்க் ஒன்று அவர் கைக்கு வந்திருக்கிறது: விட்டம் 1 மீட்டர், உருளைப் பகுதி 3 மீட்டர் நீளம், தகட்டின் கனம் 6 மி.மீ. அதில் ஒரு மூடியும் இரண்டு கண்ணாடி ஜன்னலும் வைத்து, இரண்டு பேர் உட்காரும் நீர்மூழ்கியாக மாற்றி, உம்கோமாஸுக்கு எதிரே இருக்கும் அலிவால் ஷோல் பாறைத்திட்டில் 30 மீட்டர் வரை இறங்க வேண்டும் என்பது ஆசை. "17 பார் அழுத்தம் தாங்கும் டேங்க் இது. கடலில் அது 170 மீட்டர் ஆழத்துக்குச் சமம். நான் 30 மீட்டர்தானே கேட்கிறேன்?" என்பது அவருடைய வாதம்.

தம்பி, ஆசையை விடச் சொல்ல மாட்டேன். சொந்தமாக நீர்மூழ்கி கட்டியவர்கள் உலகத்தில் நிறைய இருக்கிறார்கள். அமெரிக்கக் கடற்படையில் இருந்து ஓய்வுபெற்ற ஜார்ஜ் கிட்ரெட்ஜ் சின்னச் சின்ன எஃகு நீர்மூழ்கிகளை வடிவமைத்து, அவற்றின் வரைபடங்களையும் மற்றவர்கள் கட்டிக்கொள்ளக் கொடுத்தார். கார்ல் ஸ்டான்லி பள்ளி வயதிலேயே தன் முதல் நீர்மூழ்கியைத் தொடங்கினார். பிறகு ஹோண்டுராஸின் ரோவட்டான் தீவில் தானே கட்டிய இன்னொன்றில் பயணிகளை 600 மீட்டர் ஆழம் வரை கூட்டிப் போனார். நம் கடலிலேயே உதாரணம் உண்டு. 2000இல் சொட்வானா விரிகுடாவில் 100 மீட்டருக்கும் கீழே முக்குளிப்பவர்கள் சீலகாந்த் மீனை உயிரோடு பார்த்தார்கள் அல்லவா? அதற்குப் பிறகு அங்கே ஆராய்ச்சிக்கு இறங்கிய 'யாகோ' இரண்டே பேர் உட்காரும், 3 டன் எடையுள்ள வண்டிதான். 400 மீட்டர் வரை போகும். ஹான்ஸ் ஃப்ரிக்கேயும் யூர்கன் ஷவரும் உருவாக்கியது. சின்னக் குழுவால் நல்ல நீர்மூழ்கி கட்ட முடியும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

ஆனால் உங்கள் 17 பார் வாதம் தவறு. அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

டேங்கின் உள்ளே அழுத்தம் இருக்கும்போது அது தகட்டை வெளிப்பக்கம் இழுக்கிறது. எங்கேயாவது கொஞ்சம் தட்டையாக இருந்தால் அதையும் வட்டமாக்கப் பார்க்கும். வெளியில் இருந்து அழுத்தம் வந்தால் நேர் எதிர்: தட்டையான இடத்தை இன்னும் தட்டையாக்கும், தட்டையானதும் அந்த இடம் மேலும் பலவீனமாகும், ஒரு கட்டத்தில் மொத்தமாக மடிந்துவிடும். பள்ளிக்கூடத்தில் காலி டின்னில் கொஞ்சம் தண்ணீரைக் கொதிக்க வைத்து, மூடியை இறுக்கிக் குளிரவிட்டுக் காட்டுவார்களே, அதேதான். அந்த டின்னின் தகடு கிழிவதில்லை, வடிவம் போய்விடுகிறது.

உங்கள் டேங்குக்கே கணக்கைப் போட்டுப் பார்த்தேன். எஃகு 250 மெகாபாஸ்கலில் நெகிழத் தொடங்கும் என்று வைத்துக்கொண்டால், தகட்டின் பலத்தை மட்டும் பார்க்கும்போது சுமார் 30 பார் வருகிறது. அதாவது 300 மீட்டர். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 3 மீட்டர் நீளத்துக்கு நடுவில் எந்தத் தாங்கலும் இல்லாத இந்த உருளை எப்போது நசுங்கும் என்று கணக்கிட்டால் 5 பாருக்குக் கொஞ்சம் கீழே நிற்கிறது. 50 மீட்டர்கூட இல்லை. அதுவும் காகிதத்தில் இருக்கும் கச்சிதமான வட்டத்துக்கு. பல வருடம் லாரியில் ஏறி இறங்கி, கிரேனில் இடிபட்டு, அடியில் துருப்பிடித்த டேங்குக்கு அல்ல. ஆள் உட்காரும் கலத்துக்கு மூன்று மடங்குப் பாதுகாப்பு இல்லாமல் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அப்படிப் பார்த்தால் இன்றிருக்கும் நிலையில் உங்கள் டேங்குக்கு 15 மீட்டர்கூட அதிகம்.

இதற்கு மருந்து தகட்டைத் தடிமனாக்குவது இல்லை, வளையங்கள். அதே டேங்கில் 40 செ.மீ.க்கு ஒன்றாக, குறுக்குவெட்டு ஆங்கில T எழுத்தைப் போலிருக்கும், போதிய உறுதியுள்ள வளையங்களைச் சுற்றி வெல்டிங் செய்தால், இரண்டு வளையங்களுக்கு நடுவில் தகடு நசுங்கும் அழுத்தம் சுமார் 40 பாருக்கு ஏறிவிடும். அப்போது தகட்டின் பலமான 30 பார்தான் எல்லை. ஒரு மில்லிமீட்டர் தகடு கூடக் கூட்டாமல் 50 மீட்டர் 300ஐ நெருங்குகிறது. வளையம் பெயருக்கு இருந்தால் போதாது. தானே வளைந்துவிடாத அளவுக்கு அதற்கும் தனிக் கணக்கு உண்டு. விட்டுவிட்டுப் பொட்டு வைக்கும் வெல்டிங்கை நான் ஏற்க மாட்டேன், சுற்று முழுதும் தொடர்ந்து வர வேண்டும். வளையம் வைத்த பிறகு வட்டத்தை அளந்து பாருங்கள். 1 மீட்டர் விட்டத்துக்கு எந்த இடத்திலும் உண்மையான வட்டத்தில் இருந்து 2.5 மி.மீ.க்கு மேல் விலகக் கூடாது. வெல்டிங்கின் சூடே தகட்டை இழுத்துக் கோணலாக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

இந்த வேலை தெரிந்தவர்களுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. 1860இல் ட்ரூரோ கப்பலில் சென்னையில் இருந்து வந்திறங்கியவர்கள் கரும்புக்குத்தான் வந்தார்கள். அவர்களுடைய பேரன்மார், கொள்ளுப்பேரன்மார் பலர் சர்க்கரை ஆலைகளில் பாய்லர்மேக்கர்களாக இருந்தார்கள். ஆலையில் பாகு காய்ச்சும் வேக்குவம் பேன் இருக்கிறதே, அதன் உள்ளே காற்றை இழுத்துவிட்டுக் குறைந்த சூட்டில் கொதிக்க வைப்பார்கள். வெளிக்காற்று அதை எப்போதும் உள்நோக்கி அழுத்திக்கொண்டே இருக்கும், கிட்டத்தட்ட 10 மீட்டர் கடல் ஆழத்துக்குச் சமமாக. வெளியழுத்தத்தைக் கையால் அறிந்தவர்கள் அவர்கள். டோங்காட் பக்கம் ஓய்வுபெற்ற ஒரு ஆலைக்காரரைப் பிடித்து அந்தப் பேனின் தாங்கல்கள் எப்படி வைக்கப்பட்டிருக்கின்றன என்று கேளுங்கள். அழுத்தக் கலங்களைப் பரிசோதிப்பதே என் வேலையாக இருந்தும், வெளியழுத்தம் பற்றி நான் கற்றதில் பாதி அப்படிப்பட்டவர்களிடம்தான்.

டேங்கை வெட்டுவதற்கு முன்னால் ஒன்று. எல்பிஜி இருந்த டேங்க் பல வருடம் திறந்து கிடந்தாலும் துருவுக்கும் படிவுக்கும் அடியில் வாயு தங்கியிருக்கும். முழுக்கத் தண்ணீர் நிரப்பிக் காலி செய்து, வாயு அளவிடும் மீட்டரை உள்ளே விட்டுப் பார்த்த பிறகுதான் கட்டரை எடுக்க வேண்டும். வாசனை வரவில்லை என்பது போதாது.

அடுத்தது எடை. முதன்முறை வடிவமைப்பவர்கள் எல்லாரும் மூழ்கிவிடுமோ என்று பயப்படுவார்கள். மூழ்கவே மூழ்காது என்பதுதான் முதல் தொல்லை. உங்கள் டேங்கின் மொத்தக் கனஅளவு இரண்டு முனைகளையும் சேர்த்து சுமார் 2.6 கன மீட்டர். அது தள்ளும் கடல் நீரின் எடை ஏறக்குறைய 2.7 டன். வெறும் டேங்கோ 550 கிலோதான் இருக்கும். வளையம், மூடி, பேட்டரி, மோட்டார், இரண்டு ஆட்கள் என்று எல்லாம் சேர்த்தாலும் ஒன்றரை டன்னைத் தாண்டுவது கஷ்டம். மிச்சம் ஒரு டன்னுக்கு மேல் ஈயம் கட்ட வேண்டும். அந்த ஈயத்தை எவ்வளவு கீழே வைக்க முடியுமோ அவ்வளவு கீழே வையுங்கள். நீருக்குள் போன பிறகு வண்டியை நிமிர்த்தி வைப்பது ஒன்றுதான்: எடையின் மையம் மிதப்பின் மையத்துக்குக் கீழே இருப்பது. படகைப் போல அகலம் அங்கே கைகொடுக்காது.

அந்த ஈயத்தில் 100 கிலோவையாவது உள்ளே இருந்து கையால் கழற்றிவிடும்படி தொங்கவிடுங்கள். மின்சாரமும் காற்றும் வேண்டாத, ஒரு திருகில் விழுந்துவிடும் எடை. மற்ற எல்லாம் செயலிழந்தாலும் உங்களை மேலே கொண்டுவருவது அதுதான். ஒவ்வொரு முறை இறங்குவதற்கு முன்னும் கரையில் அதைக் கழற்றிப் பார்க்க வேண்டும். துருவேறிப் பிடித்துக்கொண்ட திருகு இருந்தும் இல்லாததும் ஒன்று.

மேலே மிதக்கவும் கீழே இறங்கவும் இரு பக்கமும் அடிப்புறம் திறந்த பாலாஸ்ட் தொட்டிகள். மேல் வால்வைத் திறந்தால் தண்ணீர் ஏறும். ஸ்கூபா சிலிண்டர் காற்றை விட்டால் தண்ணீர் வெளியேறும். அவற்றைப் பாதி நிரப்பி ஆழத்தைச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள். 10 மீட்டரில் அந்தக் காற்று பாதியாகச் சுருங்கிவிடும், வண்டி இன்னும் வேகமாக இறங்கும். ஏறும்போது காற்று விரிந்து வேகம் கூடும். நுண்ணிய எடைச் சரிசெய்தலுக்கு அழுத்தம் தாங்கும் சிறு தொட்டி ஒன்று தனியாக வேண்டும்.

மூச்சு விஷயத்தில் பலருக்கும் தவறான பயம் இருக்கிறது. ஆக்சிஜன் தீர்ந்து சாவோம் என்று நினைக்கிறார்கள். அதற்கு வெகு முன்னால் கொல்வது நாமே வெளிவிடும் கரியமில வாயு. சாமான்கள் போக உங்கள் வண்டிக்குள் 2 கன மீட்டர் காற்று இருக்கும் என்று வைப்போம். இரண்டு பேர் அமைதியாக உட்கார்ந்திருந்தாலே மணிக்கு சுமார் 45 லிட்டர் கரியமில வாயு சேரும். அரை மணியில் 1 சதவீதத்தைத் தொட்டுவிடும். ஒன்றரை மணிக்குள் 3 சதவீதம், தலைவலி, பெருமூச்சு, புத்தி தடுமாற்றம். அந்த நேரத்தில் ஆக்சிஜன் 21இல் இருந்து 17 சதவீதம் அளவுக்குத்தான் இறங்கியிருக்கும். ஆகவே முதலில் வேண்டியது ஆக்சிஜன் சிலிண்டர் இல்லை, கரியமில வாயுவை உறிஞ்சும் பெட்டி: சிறு மின்விசிறி ஒன்று, அதன் வழியில் சோடா லைம். ஆஸ்பத்திரி மயக்க மருந்து இயந்திரங்களில் போடுகிற அதே வெள்ளைக் குருணை. மாட்டிக்கொண்டால் 72 மணி நேரம் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பது, கலங்களைப் பரிசோதித்துச் சான்று தரும் வகைப்பாட்டுச் சங்கங்களின் வழக்கமான அளவு. இரண்டு பேருக்கு அது ஏறக்குறைய 30 கிலோ சோடா லைம், 200 பாரில் 20 லிட்டர் ஆக்சிஜன். அந்த அளவைக் குறைக்க எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை. ஆக்சிஜன் 23 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தாண்டினால் சிறு பொறிகூடப் பெருந்தீயாகும். இரண்டு வாயுக்களுக்கும் தனித்தனி மீட்டர், இரண்டிலும் உதிரி ஒன்று.

1973இல் நடந்த இரண்டு விபத்துகளை நீர்மூழ்கி கட்ட நினைக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஜூன் மாதம் ஃப்ளோரிடாவில் ஜான்சன் சீ லிங்க் என்ற நீர்மூழ்கி, மூழ்கடிக்கப்பட்ட பழைய போர்க்கப்பலின் சிதிலத்தில் சுமார் 110 மீட்டரில் சிக்கிக்கொண்டது. மேலே கொண்டுவர ஒரு நாளுக்கு மேல் ஆனது. பின் அறையில் இருந்த இருவர் இறந்தார்கள். அலுமினிய அறை குளிர்ந்து போனதால் உறிஞ்சும் ரசாயனம் சரியாக வேலை செய்யவில்லை. வண்டியின் உடல் அப்படியே இருந்தது. ஆகஸ்ட் மாதம் அயர்லாந்துக்கு அப்பால் பைசீஸ் 3, வேலை முடிந்து மேலே வந்து மிதந்துகொண்டிருந்தது. இழுவைக் கயிறு மாட்டி, பின்பக்க உருண்டையின் மூடியைப் பிடுங்கியது. தண்ணீர் புகுந்து 480 மீட்டர் ஆழத்துக்குப் போய்விட்டது. ரோஜர் சாப்மனும் ரோஜர் மல்லின்சனும் மூன்று நாளுக்கு மேல் அசையாமல் படுத்து மூச்சைச் சிக்கனம் பண்ணினார்கள். செப்டம்பர் 1ஆம் தேதி மீட்கப்பட்டார்கள்.

ஒன்று சிதிலத்தில் சிக்கிக்கொண்டது, மற்றொன்றில் கடல்மட்டத்தில் நடந்த தவறு. ஆழம் நசுக்கியது இரண்டிலும் இல்லை. 2023 ஜூனில் டைட்டன் நசுங்கி ஐந்து பேர் இறந்தது உண்மைதான். ஆனால் அது 3,800 மீட்டர் ஆழத்துக்காக கார்பன் நாரில் செய்யப்பட்டு, எந்த வகைப்பாட்டுச் சங்கத்தின் சான்றும் இல்லாமல் ஓடியது. 2019இலேயே அதில் பயணம் செய்து, கேட்ட வெடிப்புச் சத்தத்தைப் பற்றி நிறுவனத் தலைவருக்கு எழுதி எச்சரித்தவர் நான் முன்பு சொன்ன கார்ல் ஸ்டான்லி. தன் கையால் கட்டியவரின் காது அது. 30 மீட்டருக்கு நல்ல எஃகு, சரியான வளையம், பரிசோதித்த வெல்டிங் இருந்தால் நசுங்குவதைப் பற்றி நான் தூக்கம் கெட மாட்டேன்.

நான் கவலைப்படுவது உங்கள் கடல்மட்டத்தைப் பற்றித்தான். அதுவும் நம் நேட்டால் கரையில்.

சிறு நீர்மூழ்கி நீர்மட்டத்தில் கிட்டத்தட்ட முழுக்க மூழ்கித்தான் மிதக்கும். மூடி நீருக்கு ஒரு முழம் மேலே இருந்தாலே பெரிது. திறந்த மூடிக்குள் ஒரு நல்ல அலை விழுந்தால் 200, 300 லிட்டர் ஒரே நொடியில் உள்ளே. மிதப்பில் உங்களுக்கு இருக்கும் மிச்சமே அவ்வளவுதான். ஆகவே மூடியை உயரமான கழுத்தின் மேல் வையுங்கள். அலை அடிக்கும் இடத்தில் ஏறவோ இறங்கவோ கூடாது, துறைமுகத்துக்குள் மூடிவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். உம்கோமாஸில் ஆற்றுமுகத்தில் இருந்து ரப்பர் படகுகள் அலையைத் தாண்டிப் பாய்வதைப் பார்த்திருப்பீர்கள். 2.7 டன் இரும்பை அப்படி இறக்க முடியாது. டர்பன் துறைமுகத்தில் இறக்கி 50 கிலோமீட்டர் இழுத்துப் போக வேண்டும். பைசீஸ் கதையில் வந்த அதே இழுவைக் கயிறு உங்களுக்கும் உண்டு.

போய்ச் சேர்ந்தால் அங்கே அகுல்ஹாஸ் நீரோட்டம். அதன் வேகம் 4 நாட், அதாவது மணிக்கு 7 கிலோமீட்டருக்கு மேல், தொடும் நாட்கள் உண்டு. இரண்டு டிரோலிங் மோட்டார் (சிறு படகுகளுக்குப் பூட்டும் மின்மோட்டார்) கட்டிய சொந்த நீர்மூழ்கி முழு வேகத்தில் 2, 3 நாட் போனால் அதிகம். நீங்கள் தெற்கே போய்க்கொண்டிருப்பீர்கள், விருப்பம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். மழைக்குப் பிறகு ஆற்று மண் கலந்து கை நீட்டினால் கை தெரியாது. இதற்கு மேல் சுறா வலைகள்: 1952 முதல் டர்பன் கடற்கரைகளுக்கு எதிரே போடப்படுகின்றன, ஒவ்வொன்றும் 200 மீட்டருக்கு மேல் நீளம், 6 மீட்டர் உயரம். அறுந்த தூண்டில் நரம்பும் பாறையெல்லாம் சுற்றிக் கிடக்கும். உங்கள் வரைபடத்தில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு குழாயையும் கொக்கியையும் வலை மாட்டும் இடமாகப் பாருங்கள். மோட்டார்களுக்குக் கூண்டு போடுங்கள். அவற்றைத் தாங்கும் கையை உள்ளிருந்தே கழற்றிவிட முடியுமானால் இன்னும் நல்லது.

சிக்கினால் மூடியைத் தள்ளித் திறந்து வெளியே வரலாம் என்று நினைக்காதீர்கள். 60 செ.மீ. மூடியின் மேல் 30 மீட்டரில் எட்டரை டன் சுமை உட்கார்ந்திருக்கும். உள்ளே தண்ணீர் விட்டு அழுத்தத்தைச் சமப்படுத்திய பிறகுதான் அது திறக்கும். அதற்கான வால்வும், தலைக்கு மேல் காற்று தங்கும் இடமும், ஆளுக்கொரு சிறு சிலிண்டரும் வேண்டும். வெளியேறி மேலே வரும்போது மூச்சை அடக்கினால் நுரையீரல் கிழியும். ஸ்கூபா பயிற்சி இல்லாத யாரையும் முதல் ஒரு வருடம் ஏற்றாதீர்கள், மைத்துனராகவே இருந்தாலும்.

ஜன்னலுக்கு அக்ரிலிக்தான் சரி. கனத்தை அட்டவணை பார்த்து எடுங்கள், ஊகத்தில் வேண்டாம். அசிட்டோன், தின்னர், கண்ணாடி துடைக்கும் திரவம் எதுவும் படக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும். பத்து வருடத்தில் மாற்றிவிட வேண்டும். ஈய அமில பேட்டரியை ஆள் உட்காரும் அறைக்குள் வைத்தால், அது விடும் ஹைட்ரஜன் 4 சதவீதத்தில் வெடிக்கும், உப்புத் தண்ணீர் பட்டால் குளோரின் வரும். எனவே வெளியே தனிக் கலத்தில் வைப்பதையே நான் விரும்புவேன்.

சோதனையை இனாண்டா அணையில் ஆரம்பிக்கலாம், அனுமதி வாங்கிக்கொண்டு. அங்கே சரிபார்த்த எடையோடு அப்படியே கடலுக்கு வந்தால் வண்டி மூழ்காது: கடல் நீரின் அடர்த்தி இரண்டரை சதவீதம் கூடுதல், உங்கள் அளவுக்கு 65 கிலோ ஈயம் அதிகம் வேண்டும். ஆழச் சோதனையை ஆள் இல்லாமல் செய்யுங்கள். நியமித்த ஆழத்தைப் போல ஒன்றேகால் மடங்கு, அதாவது 37.5 மீட்டருக்குக் கயிற்றில் இறக்கி, ஒரு மணி நேரம் வைத்து, எடுத்து, மறுபடி வட்டத்தை அளந்து பாருங்கள். அளவு மாறியிருந்தால் அந்த உடலில் ஆள் ஏறக் கூடாது.

சாம்சாவிடம், அதாவது தென்னாப்பிரிக்கக் கடல்சார் பாதுகாப்பு ஆணையத்திடம், வண்டி முடிந்த பிறகு போகாதீர்கள். வரைபடத்தோடு முதலிலேயே போங்கள். கட்டி முடித்ததைப் பார்த்துச் சான்று தர எந்தப் பரிசோதகரும் தயங்குவார். வெல்டிங்கின் உள்ளே இருப்பது வெளியே தெரியாது. அலிவால் ஷோல் பாதுகாக்கப்பட்ட கடற்பகுதி என்பதால் அதற்கும் தனி அனுமதி வேண்டும்.

என் யோசனை: அலிவாலை இப்போதைக்கு ஒத்திவையுங்கள். முதல் இரண்டு வருடத்துக்கு அணைகளும் அலையில்லாத குவாரிக் குளங்களும் போதும், 15 மீட்டர் எல்லை. அதற்குள் வண்டியின் குணம் உங்களுக்குப் பழகிவிடும்.

வளையங்களின் அளவை நான் கணக்குப் போட்டுத் தருகிறேன். அதற்கு மூன்று விவரம் வேண்டும். டேங்கின் பெயர்ப்பலகையில் பொறித்திருக்கும் எஃகின் வகை. அல்ட்ராசோனிக் மீட்டர் வைத்து எடுத்த தகட்டுக் கனம், முக்கியமாக அடிப்பக்கத்தில், ஒரு சாண் இடைவெளியில். 50 செ.மீ.க்கு ஒரு சுற்றாக, சுற்றுக்கு 24 இடத்தில் எடுத்த வட்ட அளவு. கனம் எங்கேயாவது 5 மி.மீ.க்குக் கீழே வந்தால் எனக்கு அனுப்ப வேண்டாம், டேங்கைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டுப் புதுத் தகடு வாங்குங்கள்.